கையெழுத்து என்னுடையது

சிங்கப்பூரில் பி.ஆருக்கு, அதாவது நிரந்தரவாசத்துக்கு, எழுதிப் போட்ட யாரிடமாவது காரணம் கேட்டுப் பாருங்கள். "பிள்ளைங்க படிப்புக்காக" என்றுதான் பதில் வரும். நானும் அதையே சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன், கணவரிடம் சொன்னேன், கூட வேலைபார்த்த பிலிப்பீன்ஸ் நர்சுகளிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. மறுபாதியை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஊருக்குத் திரும்பிப் போக மனசில்லை.

மாலை ஷிப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு மேல் பஸ்ஸை விட்டு இறங்கி, அடுக்குமாடிகளுக்கு நடுவே தனியாக நடந்து வீட்டுக்குப் போவேன். வழியில் காப்பிக்கடையில் உட்கார்ந்து ஒரு தே குடிப்பேன். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்க வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். சம்பளம் என் கணக்கில் விழும். எவ்வளவு அனுப்புவது, எவ்வளவு வைத்துக்கொள்வது என்பது என் முடிவு. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் மருமகளாக இருந்த காலத்தில் இதில் ஒன்றுகூட எனக்குக் கிடையாது. பால்மணம் மாறாத பிள்ளையை விட்டுவிட்டு வந்த ஒருத்தி, வந்த இடத்தில் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் படிப்பு, படிப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்தது 2011-ல். மகனுக்கு அப்போது ஒரு வயது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வாங்கிய சம்பளம் பஸ் செலவுக்கும் பால் செலவுக்கும் சரியாகப் போனது. ஏஜென்ட் ஒருவர் மூலம் இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. எஸ் பாஸ். இந்த ஊரில் ஒரு மனிதரின் தலையெழுத்தைப் பாதி அந்த பாஸே எழுதிவிடும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் இருப்பவர்களுக்கு ஒர்க் பெர்மிட். அவர்கள் எத்தனை வருஷம் உழைத்தாலும் அந்தப் பெர்மிட்டை வைத்து நிரந்தரவாசம் கேட்க முடியாது. எஸ் பாஸ், இ பாஸ் வைத்திருப்பவர்கள் கேட்கலாம். எங்கள் வார்டிலேயே பெர்மிட்டில் வந்த உதவியாளர்கள் உண்டு. நான் ஊசி போடுவேன், அவர்கள் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பார்கள், இடுப்பு வலி அவர்களுக்கு. நான் விண்ணப்பிக்கலாம், அவர்களால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவில் அவர்களோடு பரோட்டா சாப்பிடும்போது பி.ஆர். பேச்சையே எடுக்க மாட்டேன்.

எஸ் பாஸில் இருப்பவர் குடும்பத்தைக் கூட்டிவரலாம்தான், சம்பளம் ஒரு வரம்பைத் தொட்டால். நான் வந்து கொஞ்ச காலத்தில் அந்த வரம்பு நாலாயிரம் வெள்ளி. 2015-ல் அதை ஐயாயிரமாக்கினார்கள். 2018-ல் ஆறாயிரம். என் சம்பளம் ஏறியது, அதைவிட வேகமாக வரம்பு ஏறியது. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி நிரந்தரவாசம்தான். "பிள்ளைக்காக" என்ற சொல்லில் பொய் இல்லை என்று சொல்வதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல் முறை விண்ணப்பித்தது 2016-ல். அப்போது எல்லாம் காகிதம்தான். லாவெண்டர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காலாங் ரோட்டில் இருந்த குடிநுழைவு ஆணையக் கட்டடத்துக்கு நேரம் வாங்கிக்கொண்டு நேரில் போய்க் கொடுக்க வேண்டும். வேலைக்கு வைத்திருப்பவர் நிரப்பித் தரும் படிவம், ஆறு மாதச் சம்பளச் சீட்டு, படிப்புச் சான்றிதழ்கள், பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ். நூறு வெள்ளி கட்டணம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது.

இந்தக் காகிதங்களில்தான் நம் ஊர்க்காரர்கள் பலரும் தடுக்கி விழுவார்கள். என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருந்தது, அம்மா பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. "பெண்" என்று மட்டும் இருந்தது. பிறப்பைப் பதிந்த தாத்தா அப்போது பெயர் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார், பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை. பெயர் சேர்க்கச் சட்டப்படி பதினைந்து வருஷக் கெடு. பழைய பதிவுகளுக்கு அரசு இடையிடையே அவகாசம் கொடுத்ததால் பிழைத்தேன். கல்யாணமோ 2008-ல் சங்கரநாராயணர் கோயிலில். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டம் அடுத்த வருஷம்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே எங்கள் கையில் இருந்தது கோயில் ரசீதும் ஆல்பமும். லீவில் ஊருக்குப் போனபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் மாமாவைச் சாட்சிக்கு நிறுத்திப் பதிந்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து மறுபடி மாப்பிள்ளை பெண்ணாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதில் அவருக்கு வெட்கம். எனக்கு, விமானம் ஏறுவதற்குள் சான்றிதழ் கைக்கு வருமா என்ற கவலை.

அந்த முறை விண்ணப்பத்தில் என் பெயர் மட்டும்தான். கணவர் ஊரில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தார். சொந்தக் கடை. "நீ முதல்ல வாங்கு. நாங்க வாரதைப் பொறவு பாப்போம்" என்றார். பொண்டாட்டி பின்னால் போனான் என்ற பேச்சு அவருக்குப் பயமாக இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கிளறவில்லை.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பரிசீலித்தோம், வருந்துகிறோம். காரணம் எதுவும் இல்லை. யாருக்கும் அவர்கள் காரணம் சொல்வதில்லை. குடும்பத் தொடர்பு, படிப்பு, வயது, பொருளாதாரப் பங்களிப்பு, எவ்வளவு காலம் இங்கே இருக்கிறீர்கள், வேர்விட எண்ணம் இருக்கிறதா என்று பலவற்றையும் பார்ப்போம் என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பது வெளியே தெரியாது. சொல்லாத இடத்தில் ஜோசியம் முளைக்கும். எங்கள் கேன்டீனில் ஆளுக்கொரு ஜோசியர். தனியாகப் போட்டால் கிடைக்காது, குடும்பமாகப் போட வேண்டும் என்றார் ஒருவர். ஜனவரியில் போடாதே என்றார் இன்னொருவர். சமூக மன்றத்தில் தொண்டூழியம் செய்து சான்றிதழ் வாங்கிச் செருகு என்றார் மூன்றாமவர். விண்ணப்பத்துக்கு ஆறு மாதம் முன்னால் திடீரென்று முதியோர் இல்லத்தில் பாட்டுப் பாடக் கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முதியவர்களுக்கும் இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு "புரொஃபைல்" தயாரித்துத் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். நிரப்ப வேண்டியது நம் பெயர், நம் சம்பளம், நம் பிள்ளை. இதற்கு இடையில் ஒருவர் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எத்தனை பேருக்குக் கொடுக்கிறார்கள் என்ற கணக்கு மட்டும் ஓரளவு தெளிவானது. 2008-ல் சுமார் 79,000 பேருக்கு நிரந்தரவாசம் கொடுத்தார்கள். உள்ளூர்க்காரர்களிடம் முணுமுணுப்பு எழுந்தது, பிடியை இறுக்கினார்கள், 2010-ல் அது 29,000 சொச்சமாகிவிட்டது. அதன்பிறகு வருஷத்துக்கு முப்பதாயிரத்தை ஒட்டியே போகிறது. 2022-லும் 2023-லும் 34,000 சொச்சம். "எங்க காலத்துல போட்டதும் கிடைச்சுது" என்று மூத்தவர்கள் சொல்வது பொய்யில்லை. அது வேறு காலம்.

இரண்டாவது முறை 2019-ல். அதற்குள் எல்லாம் இணையத்துக்கு மாறிவிட்டது. சிங்பாஸ் என்ற இணையக் கணக்கில் நுழைந்து, காகிதங்களைப் படமெடுத்து ஏற்றினால் போதும். இந்த முறை குடும்பமாகப் போடுவது என்று நான் முடிவெடுத்திருந்தேன். அப்போதுதான் தேசிய சேவை குறுக்கே வந்து நின்றது.

தெரியாத விஷயமில்லை. சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை உண்டு. இப்போது ஆண்பிள்ளைகள் இரண்டு வருஷம் ராணுவத்திலோ போலீசிலோ தீயணைப்பு, மீட்புப் பணி செய்யும் குடிமைத் தற்காப்புப் படையிலோ இருந்தாக வேண்டும். வேலைத் தகுதியின் பேரில் பி.ஆர். வாங்கும் முதல் தலைமுறைக்கு அது கிடையாது. பெற்றோர் தயவில் பி.ஆர். ஆகும் மகனுக்கு உண்டு. பதினாறரை வயதில் பதிவு, பதினெட்டை ஒட்டிப் படையில் சேர்க்கை. பள்ளி மேல்வகுப்போ பாலிடெக்னிக்கோ முடிக்கும்வரை தள்ளிவைப்பார்கள். பல்கலைக்கழகம் படித்துவிட்டு வருகிறேன் என்றால் நடக்காது. இரண்டு வருஷம் முடிந்த பிறகும் பத்து வருஷப் பயிற்சிக்கு அவ்வப்போது கூப்பிடுவார்கள். செய்யாமல் பி.ஆரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனால் பிற்காலத்தில் இங்கே படிக்கவோ வேலைபார்க்கவோ கேட்கும்போது அது பாதகமாகும். பெற்றோர் வெளிநாடு போய்த் திரும்புவதற்கான மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிப்பதிலும் பாதிப்பு வரலாம். இதெல்லாம் ரகசியமில்லை, குடிநுழைவு ஆணையத்தின் இணையப் பக்கத்திலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள்.

என்னோடு வேலைபார்த்த தஞ்சாவூர்க்காரிக்கு இரண்டும் பெண்கள். ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் விண்ணப்பத்தை முடித்துவிட்டு வந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். நான் பெட்டிகளை நிரப்பிக்கொண்டே போய் மகன் பெயர் வரும் இடத்தில் நிறுத்தினேன். கணினியை மூடினேன். இப்படிப் பல இரவுகள் போயின.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். அவள்தான் அவனை வளர்த்தவள்.

"ஏட்டி, பச்ச மண்ண பட்டாளத்துக்கு எழுதிக் குடுக்கவா அங்க கூட்டிட்டுப் போற?"

"ரெண்டு வருஷந்தாம்மா. இங்க எல்லாப் பயலுவளும் போறானுவ."

"நம்ம ஊருலயும் பட்டாளத்துக்குப் போனவங்க இருக்காவ. அவுக தானா போனாவ."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

கணவரிடம் கேட்டபோது அவர் வேறு மாதிரி யோசித்தார். "அவனுக்கு ஒம்பது வயசு. பதினெட்டுக்கு ஒம்பது வருஷம் கெடக்கு. அதுக்குள்ள என்னென்னமோ மாறும்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ அங்கதான் இருக்கப் போறேன்னா நாங்களும் அங்க வாரதுதான் சரி. ஆனா பையனுக்காகன்னு எங்கிட்டச் சொல்லாத" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எத்தனை நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மகன் பெயரை விட்டுவிட்டும் விண்ணப்பிக்கலாம். அதைச் செய்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவனை விட்டுவிட்டால் அவன் இங்கே என்னோடு நிலையாக இருப்பதற்கு என்ன உத்தரவாதம்? நான் இருக்கும் இடத்தில் அவன் இருக்க வேண்டும், நான் இருக்கப்போவது இங்கேதான். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி, விலையை அவன் கணக்கில் எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

கிடைத்தது. எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, கட்டணங்கள், கைரேகை, நீல நிற அடையாள அட்டை. இதை நீட்டி எழுத ஒன்றுமில்லை. சம்பளத்தில் விழுந்த வெட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதை முன்கூட்டி யாரும் ஊரில் சொல்வதில்லை. பி.ஆர். ஆனதும் மத்திய சேமநிதியில் சேர்ந்தாக வேண்டும், நம் பி.எஃப். மாதிரி. வழக்கமான விகிதப்படி முதல் வருஷம் நம் சம்பளத்தில் ஐந்து சதவீதம், இரண்டாம் வருஷம் பதினைந்து, மூன்றாம் வருஷத்திலிருந்து இருபது. முதலாளி பங்கும் நாலு, ஒன்பது, பதினேழு என்று ஏறும். காசு நம்முடையதுதான், பி.ஆரை விட்டுவிட்டு ஒரேயடியாகப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மூவாயிரம் வெள்ளி வாங்குகிறவர் கையில் அறுநூறு குறைந்தால் ஊருக்குப் போகும் பணம் குறையும். ஊரில் அதை யாரும் நம்ப மாட்டார்கள். "பி.ஆர். கெடச்ச பொறவு கை இறுகிப் போச்சு" என்று என் காதுபடவே பேசினார்கள். வீடும் அப்படித்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மறுவிற்பனை வீடு வாங்க இருவரும் பி.ஆராகி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும். அதுவரை வாடகை, அதிலும் "சமைக்கக் கூடாது" என்ற நிபந்தனைக்கு நாங்கள் தலையாட்டிய வீடுகள்.

கணவர் கடையை அவர் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தார். இங்கே ஒரு பட்டறையில் வேலை. சொந்தக் கடையில் "அண்ணாச்சி" என்று கூப்பிடப்பட்டவருக்கு அது சுலபமாக இல்லை. அவர் கதையை அவர்தான் எழுத வேண்டும்.

மகன் வந்த முதல் வாரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீட்டில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் என்னிடம் கேட்டான். "அம்மா, ஃப்ரிட்ஜத் தொறக்கட்டா?" "அம்மா, இந்த டவல எடுக்கட்டா?" வீடியோ காலில் என்னோடு வாயாடிய பையன்தான். விருந்துக்கு வந்த வீட்டில் நடப்பதுபோல் நடந்தான். பள்ளியில் தமிழாசிரியைக்கு அவனைக் கண்டு சந்தோஷம், அவன் பேச்சில் இருந்த "வாரேன், போறேன்" அவருக்கு அவ்வளவு பிடித்தது. கணக்கில் தாக்குப்பிடித்தான். ஆங்கிலம்தான் ஒரு வருஷம் அழவைத்தது. பிறகு அதுவும் வந்துவிட்டது. இப்போது நான் பேசும் ஆங்கிலத்தைத் திருத்துகிறான்.

தேசிய சேவை என்று ஒன்று இருப்பதை அவன் வகுப்பிலேயே தெரிந்துகொண்டான். தனக்கும் உண்டு என்பது தெரிந்தது பதின்மூன்று வயதில். பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனபோது, ஊரில் போய்க் கொஞ்ச காலம் அவளோடு இருக்கிறேன், அங்கேயே ஒரு பருவம் படிக்கிறேன் என்றான். பதின்மூன்று முடிந்த ஆண்பிள்ளை மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க வேண்டுமென்றால் வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். அதைச் சொன்னேன். ஏன் என்றான். ஏன் என்பதையும் சொன்னேன்.

"நீங்க போகணுமா?"

"பொம்பளைங்களுக்குக் கெடையாது."

"அப்பா?"

"அப்பா வயசுக்கு இனிமே கூப்பிட மாட்டாங்க."

"அப்போ நான் மட்டுமா? யாரு சைன் பண்ணது?"

"நான்தான்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஓகே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். பாட்டியைப் பள்ளி விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு ஒருநாள் அவனை உட்காரவைத்து, ஏன் கையெழுத்துப் போட்டேன் என்பதை முழுசாகச் சொன்னேன். அவன் படிப்பைச் சொன்னேன். இரவில் தனியாக நடந்துபோகும் என் சுகத்தையும் சொன்னேன். ஊருக்குத் திரும்பி அந்த வீட்டில் மறுபடி மருமகளாக நிற்க என்னால் முடியாது என்பதையும் சொன்னேன். அவன் வயதுக்கு அது புரிந்ததோ இல்லையோ, கேட்டுக்கொண்டான். என் வாழ்க்கையில் நான் பேசிய கஷ்டமான பேச்சு அதுதான். மரணச் செய்தியை உறவினர்களிடம் சொல்வது எங்கள் தொழிலில் வரும், அதைக்கூடச் சொல்லிவிடலாம்.

அதன்பிறகு வீட்டில் ஒன்று மாறியது, தேசிய சேவையைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தோம். தீயணைப்பில் போட்டால் தேவலை என்று அவன் சொல்வான், நாம் கேட்பது கிடைக்காதுடா, அவர்கள் போடும் இடம்தான் என்பார் அவன் அப்பா. இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டுப் படையில் நிற்பது எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டான். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. பிறகு எந்த நாட்டுக்காரனாக இருப்பது என்பதை அவனே முடிவுசெய்ய வேண்டியிருக்கும் என்றேன். இந்த முறை கையெழுத்து அவனுடையது.

மறுபடி அந்த விண்ணப்பப் பக்கத்தின் முன்னால் உட்காரவைத்தால் என்ன செய்வாய் என்று கேட்டால், அவன் பெயரை மறுபடியும் சேர்ப்பேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பிள்ளைக்காக என்று மட்டும் இனி சொல்ல மாட்டேன்.

இப்போது விண்ணப்பிக்க நினைத்துக் காகிதம் சேர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்று இந்த லீவிலேயே பாருங்கள். கிடைக்காமல் போனால் காரணம் தேடி மனசை வதைக்காதீர்கள், சம்பளமோ குடும்ப நிலையோ மாறிய பிறகு மறுபடி போடுங்கள். வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால் தேசிய சேவைப் பக்கத்தைக் கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். பையனுக்கு விவரம் புரியும் வயது என்றால் அவனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மகனுக்கு இப்போது பதினைந்து. பதிவுக் கடிதம் வர இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது.